மாங்குயில் விற்காத இறகு

இலுப்பைக்காட்டு அணில்களுக்குக் கொட்டையைப் புதைக்கத் தெரியும். புதைத்த இடத்தை நினைவில் வைக்கத் தெரியாது.

கோடை முழுவதும் அவை ஓடியோடிச் சேர்க்கும். வேருக்கடியில் கொஞ்சம், புற்றோரத்தில் கொஞ்சம், பாறையிடுக்கில் கொஞ்சம் எனப் பதுக்கி வைக்கும். பிறகு அடைமழை பிடித்துக்கொள்ளும். பசி வயிற்றைக் கிள்ளும். அப்போது ஒவ்வோர் அணிலும் ஈர மண்ணில் நின்று, "இங்கேதானே வைத்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். விடை வராது. மழை ஓயும்வரை மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு கிடக்கும். அடுத்த கோடையில் அந்த இடங்களிலெல்லாம் கன்றுகள் முளைத்து நின்று அணில்களைப் பார்த்துச் சிரிக்கும். இலுப்பைக்காடு அவ்வளவு அடர்த்தியாக வளர்ந்திருந்ததற்கு அணில்களின் மறதியே காரணம்.

நாச்சி என்னும் பெண் அணிலும் அந்தக் குலத்தில் பிறந்தவள்தான். ஒரு மழைக்காலத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சமன்று. தின்ன ஒன்றுமின்றி, பால் வற்றி, ஈன்ற குட்டிகளில் ஒன்றைப் பறிகொடுத்தாள். அன்று முதல் கொட்டை என்றால் அவளுக்கு உயிர். மறதி என்றால் நடுக்கம்.

அந்த மழை ஓய்ந்த சில நாளில், மலைக்கு அப்பாலிருந்து ஒரு மாங்குயில் வந்து சேர்ந்தார். பெயர் கனகராயர். மேனியெல்லாம் பொன்னிறம். சிறகு மட்டும் கறுப்பு. கண்ணோரத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கோடு. அவரோடு ஒரு பெரிய கிளிக்கூட்டமும் வந்து இறங்கியது.

கனகராயர் குளக்கரையிலிருந்த வழுக்குப்பாறையின்மேல் ஏறி நின்றார்.

"இலுப்பைக்காட்டுப் பெருமக்களே! உங்கள் மறதிக்கு மருந்து கொண்டுவந்திருக்கிறேன்! என் கிளிகள் கேட்டதை மறப்பதில்லை. இனி மரத்துக்கு ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். கொட்டையைப் புதைத்ததும் இடத்தை அதன் காதில் சொல்லுங்கள். பசித்தால் வந்து கேளுங்கள். அவ்வளவுதான்! இதுவே என் நினைவு நிலையம்!"

"கூலி எவ்வளவு கேட்பீர்?" என்று ஒரு குரல் எழுந்தது. கேட்டவர் வயல் எலி தொந்தியப்பர். எதிலும் குற்றம் காண்பதில் அவருக்கு இணை அந்தக் காட்டில் இல்லை.

"கூலியா? ஒன்றும் வேண்டாம்!"

"ஒன்றும் வேண்டாமென்றால் நீர் எதைத் தின்று உயிர் வாழ்வீர்?"

"உங்கள் அன்பை!"

"அன்பை! அன்பை!" என்று கிளிகள் கூவின. கூட்டம் ஆரவாரித்தது. தொந்தியப்பர் மட்டும், "இதில் ஏதோ சூது இருக்கிறது!" என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, தம் நெற்கதிர் இருக்கும் இடத்தைக் கிளியிடம் சொல்வதற்கு முதல் ஆளாகப் போய் நின்றார்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அடுத்து வந்த மழைக்காலத்தில் கிளிகள் ஒருமுறைகூடத் தவறவில்லை. நாச்சி நனைந்துகொண்டு போய், "என் கொட்டை எங்கே?" என்று கேட்பாள். "நாவல்மரத்து வடக்கு வேர்! நாவல்மரத்து வடக்கு வேர்!" என்று கிளி உடனே சொல்லும். அங்கே தோண்டினால் கொட்டை இருக்கும். அந்த ஆண்டு பிறந்த குட்டிகள் உருண்டு திரண்டு வளர்ந்தன. காட்டில் ஒருவரும் மரப்பட்டையைத் தொடவில்லை.

மழை ஓய்ந்ததும் கனகராயர் மீண்டும் பாறைமேல் ஏறினார்.

"பெருமக்களே! நினைவு நிலையம் இந்தக் காட்டோடு நின்றுவிட வேண்டுமா? மூங்கில்காட்டில் மறதி இல்லையா? ஆற்றங்கரையில் இல்லையா? உலகில் மறதி உள்ளவரை நமக்கு வேலை உண்டு! இவ்வளவு பெரிய நிலையத்தை நான் ஒருவனே கட்டி ஆள்வது முறையன்று. உங்களையும் பங்குதாரர் ஆக்கப்போகிறேன். என் மேனியிலுள்ள பொன்னிறகு ஒவ்வொன்றும் இந்த நிலையத்தின் ஒரு பங்கு. ஒரு பொந்து நிறையக் கொட்டை கொடுப்பவருக்கு ஓர் இறகு! நிலையம் வளர வளர இறகின் விலையும் வளரும்!"

"மற்ற இறகுகள்?" என்று கேட்டார் தொந்தியப்பர்.

"என் மேனியிலேயே இருக்கும்! உங்கள் பங்கு சிறிது. என் பங்கு பெரிது. நிலையம் கெட்டால் உங்களைவிட எனக்கல்லவா இழப்பு? அப்படிக் கெட விடுவேனா?"

இந்தப் பேச்சு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அன்று முதல் வாரந்தோறும் வழுக்குப்பாறையில் இறகுச் சந்தை கூடியது. மங்களம் என்னும் மைனா சந்தைக்குத் தரகியாக வந்து அமர்ந்தாள். இறகு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனாலும் அவளுக்கு ஒரு வேப்பம்பழம் உண்டு. ஏறினாலும் பழம், இறங்கினாலும் பழம். ஆகவே அவள் எப்போதும் மகிழ்ச்சியாகவே இருந்தாள்.

நாச்சியின் கணவன் வாயில் எந்நேரமும் ஏதாவது ஒன்றைக் கொறித்துக்கொண்டிருப்பவன். அதனால் அந்தக் குடும்பத்தின் பேச்சு முழுவதும் அவன் தம்பி சடையன் பொறுப்பில் இருந்தது. சடையன் ஒருநாள் காதுக்குப் பின்னால் ஒரு பொன்னிறகைச் செருகிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணி, ஊரே செழிக்கிறது! நீங்கள் இன்னும் கொட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே!"

"கொட்டையைத் தின்னலாம், சடையா. இறகைத் தின்ன முடியுமா?"

"தின்பதா! இது தின்பதற்கா? வளர்வதற்கு! போன சந்தையில் ஒரு பொந்து; இந்தச் சந்தையில் ஒன்றரைப் பொந்து. நான் கிளையில் மல்லாந்து படுத்திருந்தேன். அரைப் பொந்து தானாக வளர்ந்துவிட்டது!"

"வளர்ந்த அரைப் பொந்து எங்கே?"

"இறகுக்குள் இருக்கிறது!"

நாச்சி இறகை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஊரார் எல்லாருக்கும் தெரிவது தனக்கு மட்டும் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த சந்தையில் ஒன்றரைப் பொந்துக் கொட்டையைக் கொடுத்து அவளும் ஓர் இறகை வாங்கினாள்.

கோடை பாதி கழிந்தது. ஒருநாள் பகலில் குரங்குக்கூட்டம் ஒன்று காட்டுக்குள் வந்தது. அவை தேடவில்லை. முகரவில்லை. நேராகத் தொந்தியப்பரின் வளைக்குப் போயின. வளையின் கடைசிக் கிளைவழியைத் தோண்டின. கதிர் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விட்டன.

தொந்தியப்பர் பாறைமேல் ஏறி அலறினார்.

"கொள்ளை! கொள்ளை! என் அந்தரங்கம் அம்பலமாகிவிட்டது! அந்தக் கிளைவழி எனக்கும் கிளிக்கும் மட்டுமே தெரியும்! குரங்குக்கு யார் சொன்னது?"

கனகராயர் உடனே கூட்டம் கூட்டினார். அவர் முகத்தில் ஆழ்ந்த துயரம் தெரிந்தது.

"எலியாருக்கு நேர்ந்தது என் நெஞ்சைப் பிளக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். உங்கள் பதுக்கிடத்தை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை! அது எங்கள் கொள்கை! குரங்குகள் கேட்டது பதுக்கிடத்தையன்று. 'எந்த மரத்தடியில் நல்ல காற்று வீசும்?' என்றுதான் கேட்டன. கிளி ஒரு மரத்தைச் சொன்னது. அங்கே எலியாரின் வளை இருந்தது தற்செயல்!"

"அந்த மரத்தடியில் ஊர்ப்பட்ட வளைகள் இருக்கின்றன! என் வளையை மட்டும் தோண்டினவே!"

"எந்த வளைமேல் காற்று வீசும் என்றும் கேட்டிருக்கலாம்..."

"கேட்டதைச் சொன்னோம்! மாம்பழம் தந்தன! கேட்டதைச் சொன்னோம்! மாம்பழம் தந்தன!" என்று ஒரு கிளி கூவியது. கேட்டதை மறைக்க அதற்குத் தெரியாது, அது கிளி.

கனகராயர் இருமினார்.

"எதுவாயினும் எல்லாம் உங்கள் சம்மதத்தோடுதான் நடக்கிறது."

"என் சம்மதமா? எப்போது தந்தேன்?" என்றார் தொந்தியப்பர்.

"நீங்கள் இடத்தைச் சொல்லி முடித்ததும், 'நண்பர்களோடு பகிரலாமா?' என்று கிளி கேட்கும். அப்போது வாலை அசைத்தால் சம்மதம் என்று பொருள்."

நாச்சி திடுக்கிட்டாள். "ஐயா! அணில்கள் வாலை அசைக்காமல் இருந்ததே இல்லையே! பேசினாலும் அசையும், தும்மினாலும் அசையும், தூங்கும்போதுகூட அசையும்!"

"அதனால்தான் அம்மா, உங்கள் குலம் எங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை நினைத்து நான் எப்போதும் பெருமைப்படுகிறேன்!"

"கிளி கேட்டது எங்கள் காதில் விழவே இல்லையே?"

"மெல்லத்தான் கேட்கும். உங்களைத் தொந்தரவு செய்யலாமா?"

நாச்சி தன் வாலைத் திரும்பிப் பார்த்தாள். அது அசைந்துகொண்டிருந்தது. முன்கால்கள் இரண்டாலும் அதை அழுத்திப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே அது துடித்தது.

அன்று சந்தையில் இறகின் விலை மளமளவென்று இறங்கியது. சடையன் கலங்கிப்போனான். அதற்குள் மங்களம் பாறை உச்சிக்குப் பறந்துபோய் நின்றாள்.

"ஏன் அழுகிறீர்கள், அறிவிலிகளே! கிளி சொன்னதைச் சரியாகக் கேட்டீர்களா? குரங்குகள் மாம்பழம் தருகின்றன! இதுவரை அன்பை மட்டுமே தின்ற நிலையம் இப்போது மாம்பழம் தின்கிறது! வரவு தொடங்கிவிட்டது! குரங்குகள் எத்தனை! மாம்பழம் எத்தனை!"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு பாறையை நோக்கி ஓடியது. விலை இறங்கிய வேகத்தைவிட இரு மடங்கு வேகமாக ஏறியது.

"இது அயோக்கியத்தனம்!" என்று கத்தினார் தொந்தியப்பர். "அந்தரங்கத்தை விற்றுப் பிழைக்கும் கூட்டம்! வெட்கம்! மானக்கேடு! மங்களம், எனக்கு இரண்டு இறகு எடுத்து வை!" அவர் கையில், மனைவி பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த கம்பங்கதிர் இருந்தது.

"எலியாரே! உம் வீட்டைக் கொள்ளையடிக்க வழி சொன்னவர்களிடமா பங்கு வாங்குகிறீர்?" என்று கேட்டாள் நாச்சி.

"போனதை வேறு எப்படி மீட்பது, அம்மா? என் கதிர் மாம்பழமாகிவிட்டது. மாம்பழத்தில் எனக்கும் பங்கு வேண்டாமா?"

நாச்சி வீட்டுக்கு ஓடினாள். தன் கொட்டைகளையெல்லாம் இடம் மாற்றிவிட வேண்டும் என்று துடித்தாள். ஆனால் இடங்கள் நினைவில் இருந்தால்தானே! அதற்கும் கிளியிடமே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. கேட்கும்போது வால் அசைந்தது. கிளி சொன்ன இடங்களில் பாதி ஏற்கெனவே வெறுங்குழியாகக் கிடந்தன. எஞ்சியதை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து, மருதமரத்துக் கூட்டில் தன் படுக்கைக்கு அடியில் பரப்பினாள். இந்த இடத்தை அவள் எந்தக் கிளிக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. புரண்டு படுத்தால் கொட்டை முதுகில் குத்தும். அவள் வாழ்நாளில் மறக்காத பதுக்கிடம் அது ஒன்றே.

முதுகைத் தேய்த்துக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போனவள் கனகராயரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் கழுத்தில் பொன்னிறகைக் காணவில்லை.

"மங்களம், ராயருக்குக் கழுத்து வெறுமையாக இருக்கிறதே?"

"வெயில், நாச்சி, வெயில்! இந்தக் கோடையில் யாருக்குத்தான் புழுக்கம் இல்லை?"

"உன் பாறைமேல் புதிதாக இறகுக்கட்டு ஒன்று கிடக்கிறதே, அது யாருடையது?"

"சந்தைக்கு வந்தது."

"யாரிடமிருந்து வந்தது?"

"விற்றவரிடமிருந்து. நீ வாங்குகிறாயா, இல்லை வழியை மறிக்கிறாயா?"

அதற்கடுத்த சந்தையில் கனகராயரின் மார்பு வெறுமையாகிவிட்டது. ராயர் புதுக்கூடு கட்டுகிறார், செலவு இருக்காதா என்றாள் மங்களம். பின்னொரு சந்தையில் வயிறு வெறுமையாயிற்று. மகளுக்குத் திருமணமாம். பிறகு முதுகும் வெறுமையாயிற்று. பொன்னிறகு முழுவதையும் ஒரே உடம்பில் வைத்திருப்பது விவேகமன்று என்று அவருடைய வைத்தியர் சொன்னாராம். காரணங்கள் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தன. அவை தீர்வதற்குள் இறகுதான் தீர்ந்துவிடும்போல் இருந்தது.

கனகராயரே ஒருநாள் கண்கலங்கிப் பேசினார். "நான் விற்கிறேன் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் விற்கவில்லை, உங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறேன்! எல்லா இறகையும் நானே வைத்துக்கொண்டால் நீங்கள் எப்போது செழிப்பீர்கள்?" இதைக் கேட்டுச் சிலர் விம்மி அழுதார்கள். விற்ற இறகுகளுக்கு வந்த கொட்டையைக் கிளிகள் சுமந்துகொண்டு மலையைக் கடந்து பறந்தன. யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. மூங்கில்காட்டில் புதிய நிலையம் எழும்புகிறது என்று மங்களம் சொல்லியிருந்தாள்.

சந்தையில் இறகு குவியக் குவிய விலை சரிந்தது. சடையன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணி! விலை இறங்குகிறது! இப்போது வாங்காமல் எப்போது வாங்குவது?"

"ஏறியபோதும் இதையேதானே சொன்னாய்?"

"ஏறும்போது வாங்கினால் லாபம்! இறங்கும்போது வாங்கினால் மலிவு!"

"அப்படியானால் வாங்காமல் இருப்பதற்கென்று ஒரு காலமும் இல்லையா, கொழுந்தனாரே?"

சடையன் காதோர இறகைச் சரிசெய்துகொண்டான். "அதை மங்களத்திடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சிரிக்காமல் கேளுங்கள் அண்ணி. மழை வரப்போகிறது. மழை வந்தால் எல்லாருக்கும் பசி. பசி வந்தால் எல்லாருக்கும் கிளி வேண்டும். இறகு நிச்சயம் ஏறும். உங்கள் படுக்கைக்கடியில் இருப்பதைப் போட்டு இப்போது வாங்கினால், குட்டிகள் கண் திறப்பதற்குள் இரட்டிப்பாகிவிடும். அந்த மழைக்காலம்போல இன்னொரு முறை ஆக வேண்டுமா?"

கடைசிச் சொல் நாச்சியைக் குத்தியது. அவள் அப்போது சூலுற்றிருந்தாள். மழையும் நெருங்கிக்கொண்டிருந்தது. படுக்கைக்கடியில் இருந்த கொட்டை மழைக்காலம் முழுவதற்கும் போதாது. பாதியைத்தான் குரங்குகள் கொண்டுபோயினவே! சடையன் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. மறுநாள் கொட்டையையெல்லாம் தேக்கிலையில் மூட்டையாகக் கட்டினாள். கணவன் ஒரு பக்கமும் சடையன் ஒரு பக்கமுமாகத் தூக்கிவர, சந்தைக்குப் போனாள்.

மழைமேகம் தாழ்ந்து நின்றது. கனகராயர் பாறைமேல் நின்றிருந்தார். மேனியில் பொன் என்று சொல்ல உச்சந்தலையில் ஒரு கொத்து மட்டுமே எஞ்சியிருந்தது. மற்ற இடமெல்லாம் சிவந்த வெறுந்தோல். அந்தத் தோலின் இருபுறமும் கறுத்த சிறகுகள் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன.

நாச்சி அந்தச் சிறகுகளையே பார்த்தாள். புழுக்கம் என்றால் சிறகுக்கும் புழுக்கம் இருக்காதா? செலவு என்றால் சிறகிலும் இரண்டு உதிராதா? கழுத்து போயிற்று, மார்பு போயிற்று, வயிறும் முதுகும் போயின. சிறகில் மட்டும் ஓர் இறகுகூடக் குறையவில்லை.

"வா, நாச்சி, வா!" என்று மங்களம் வரவேற்றாள். "மூட்டை பெரிதாக இருக்கிறதே! எத்தனை இறகு?"

"ஒன்று போதும்" என்றாள் நாச்சி. "ஆனால் பொன்னிறகு வேண்டாம். ராயரின் சிறகிலிருந்து ஒரு கறுப்பிறகு கொடுங்கள்."

சந்தையே திரும்பிப் பார்த்தது.

"கறுப்பிறகா!" என்று சிரித்தார் கனகராயர். "அம்மா, அது பங்கே அன்று. அதற்கு ஒரு மதிப்பும் இல்லை."

"மதிப்பு இல்லாததைத் தர உங்களுக்கு என்ன தடை? இந்த மூட்டை முழுவதையும் தருகிறேன்."

"அண்ணி! மானத்தை வாங்காதீர்கள்!" என்று சடையன் அவள் காதில் சீறினான்.

கனகராயரின் கண் மூட்டையின்மேல் விழுந்தது. சற்று நேரம் அங்கேயே தங்கியது. பிறகு அவர் சிறகுகளை இறுக மடித்துக்கொண்டார்.

"அது விற்பனைக்கு இல்லை."

"ஏன்?"

"அதை விற்றுவிட்டால் நான் எப்படிப் பறப்பேன்?"

"எங்கே பறக்கப் போகிறீர்?" என்று கேட்டாள் நாச்சி.

கனகராயர் மேகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் கேள்வி கிளிகளின் காதிலும் விழுந்துவிட்டது.

"மலைக்கு அப்பால்! மலைக்கு அப்பால்!" என்று அவை ஒரே குரலில் கூவின.

எல்லாரும் திகைத்தார்கள். மங்களம் மட்டும் திகைக்கவில்லை. "கேட்டீர்களா!" என்று கூவினாள். "மலைக்கு அப்பால் புதிய நிலையம்! ராயரே நேரில் போய்த் திறக்கப்போகிறார்! இதைவிட நல்ல செய்தி உண்டா?"

கூட்டம் ஆரவாரித்தது. விலை ஏறியது. உச்சந்தலையில் இருந்த கடைசிக் கொத்தும் அந்த ஆரவாரத்திலேயே விற்றுப்போயிற்று. அதை வாங்கியவர், "இது பகற்கொள்ளை!" என்று திட்டிக்கொண்டே வாங்கிய தொந்தியப்பர்.

நாச்சி மூட்டையை அவிழ்க்கவில்லை. "திருப்பித் தூக்குங்கள்" என்றாள். வழிநெடுக எல்லாரும் சிரித்தார்கள். "கறுப்பிறகு கேட்டவள் போகிறாள்!" என்று இளவட்டங்கள் பின்னால் கத்தின. சடையன் பாதி வழியில் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, அவமானம் தாங்காமல் வேறு பாதையில் போய்விட்டான். எஞ்சிய தொலைவுக்கு நாச்சியும் கணவனும் இழுத்துச் சென்றார்கள். அவள் கணவன் அன்றுதான் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு ஒரு சொல் சொன்னான்.

"நல்லதாயிற்று."

மறுநாள் விடியலில் முதல் தூறல் விழுந்தது. கனகராயர் உரித்த உடம்பும் கறுத்த சிறகுமாக எழும்பினார். காட்டை ஒருமுறைகூட வட்டமிடவில்லை. நேராக மலையை நோக்கிப் பறந்தார். மரத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்த கிளிகளும் அவர் பின்னால் பறந்தன.

பிறகு மழை கொட்டியது. அணில்கள் மரந்தோறும் ஓடிக் கிளியைத் தேடின. கிளை வெறுமையாக இருந்தது. ஈர மண்ணில் நின்று, "இங்கேதானே வைத்தேன்?" என்று கேட்டுக்கொண்டன. முன்பெல்லாம் பத்து இடம் தோண்டினால் ஓரிடத்திலாவது ஏதாவது அகப்படும். இப்போது எங்கே தோண்டினாலும் குழி தயாராக இருந்தது. குரங்குகள் எல்லா மரத்தடியிலும் காற்று வாங்கிவிட்டுப் போயிருந்தன.

தொந்தியப்பர் மழையில் நின்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. மங்களம் வேப்பம்பழத்தைப் பத்திரமாகப் பொந்தில் அடுக்கிவிட்டு, அந்த வாரம் முதல் மரப்பட்டைக்குத் தரகு பேசத் தொடங்கினாள்.

மருதமரத்துக் கூட்டில் நாச்சிக்குக் குட்டிகள் பிறந்தன. அவள் வாங்கிய ஒரே பொன்னிறகு குட்டிகளுக்கு அடியில் மெத்தையாகக் கிடந்தது. ஒன்றரைப் பொந்துக் கொட்டைக்கு அது விலையுயர்ந்த மெத்தைதான். கொட்டையை அளந்து அளந்து தின்றாள். வயிறு நிறையவில்லை; ஆனால் பால் வற்றவில்லை.

ஒருநாள் கூட்டு வாசலில் சடையன் வந்து நின்றான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். கக்கத்தில் ஒரு கட்டு இறகு.

"அண்ணி... ஒரு கொட்டை..."

"இறகுக்குள் இருக்கிறதே! எடுத்துத் தின்ன வேண்டியதுதானே?"

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். நாச்சி படுக்கையைத் தூக்கி ஒரு கொட்டையை எடுத்து அவன்முன் வைத்தாள். அவன் அதை ஓடோடு தின்றான். தின்று முடித்ததும் அவன் கண்ணில் பழைய ஒளி திரும்பியது.

"ஒரு செய்தி தெரியுமா, அண்ணி? ராயருக்குப் பொன்னிறகு மறுபடியும் முளைக்கிறதாம்! மேனி நிறைந்ததும் இங்கே திரும்பி வருவாராம். இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன். முதல் இறகு எனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்!"

"யாரிடம் சொல்லி வைத்தாய்?"

"மங்களத்திடம்!"

நாச்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வாலைப் பார்த்தாள். அது மகிழ்ச்சியாக அசைந்துகொண்டிருந்தது.

தம் பங்கை நமக்கு விற்பவர் அடுக்கும் காரணங்களில் மயங்காமல், அவர் எந்த விலைக்கும் விற்க மறுப்பது எது என்று பார்ப்பவரே தம் உடைமையைக் காத்துக்கொள்வார்.